முதலில் ரேஞ்ச், பிறகு போன்

மூணாறுக்குக் கீழே, பள்ளிவாசல் பஞ்சாயத்தில் இருக்கிறது சித்திரபுரம். சுற்றிலும் தேயிலையும் ஏலமும். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள், மின்வாரியத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், ஜீப் ஓட்டுநர்கள், விடுதிகளில் வேலை செய்பவர்கள் என்று தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர். இந்த மலையில் புதுப் போன் என்பது பெரும்பாலும் போனஸ் பணத்தில் நடக்கிற காரியம். 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டத்துப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்களே, அந்தப் பணத்தின் அருமை அப்படிப்பட்டது. பிள்ளையின் படிப்பு, வாங்கிய கடன், ஊருக்குப் போகும் செலவு எல்லாம் போக மிச்சத்தில்தான் போன். அதனால் எந்த மாடல், எத்தனை ஜிபி, கேமரா எப்படி, விலை எப்போது இறங்கும் என்று மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் அந்தப் போனில் எந்த கம்பெனி சிம் போடுவது என்ற கேள்வி மட்டும் கடை வாசலில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 'பழைய சிம்மையே போட்டுடலாம்' என்பதோடு சரி. மலைநாட்டில் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சிம் முதலில் முடிவாக வேண்டும். போன் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். போனுக்காகக் காத்திருக்கும் மாதங்களே அந்த முடிவை எடுக்கச் சரியான காலம்.

இந்த இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யும் வசதி நமக்கு இருக்கிறது என்பதே பலருக்கு உறைப்பதில்லை. அமெரிக்காவில் 2007 ஜூனில் முதல் ஐபோன் வந்தபோது அதை ஏடி அண்ட் டி என்ற ஒரே நிறுவனத்தின் இணைப்போடுதான் வாங்க முடிந்தது, அதுவும் இரண்டு வருட ஒப்பந்தத்தில். வெரிசான் இணைப்பில் அது கிடைக்க 2011 பிப்ரவரி ஆயிற்று. அதுவரை அந்தப் போன் வேண்டுமென்றால் தன் ஊரில் ரேஞ்ச் இருக்கிறதோ இல்லையோ அந்த நிறுவனத்துக்கே போக வேண்டியிருந்தது. இந்தியாவில் 2008 ஆகஸ்டில் ஏர்டெல்லும் வோடபோனும் ஐபோன் 3ஜியைக் கொண்டுவந்தபோது அதன் விலை 31,000 ரூபாய். ஒப்பந்தத்தின் பேரில் விலையைக் குறைத்து, பிறகு மாதாமாதம் வசூலித்துக்கொள்ளும் முறை இங்கே வேரூன்றவில்லை. விதிவிலக்குகள் உண்டு. 2003-இல் 501 ரூபாய் கட்டினால் ரிலையன்ஸ் கொடுத்த போனும், 2017-இல் 1,500 ரூபாய் முன்பணத்துக்கு வந்த ஜியோபோனும் அந்தந்த நிறுவனத்தின் இணைப்பில் மட்டுமே வேலை செய்தன. மற்றபடி நாம் முழு விலையைக் கொடுத்துப் போனை வாங்குகிறோம். சிம்மை இஷ்டப்படி மாற்றுகிறோம். முழு விலை கொடுத்து வாங்கிய இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் நஷ்டம்.

சமவெளியில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் கிடையாது. கோயம்புத்தூரிலோ பாலக்காடு டவுனிலோ எந்த சிம் போட்டாலும் ஏதோ ஒரு அளவுக்கு வேலை நடக்கும். மலை அப்படி விடுவதில்லை. டவரிலிருந்து வரும் ரேடியோ அலையின் அதிர்வெண் கூடக் கூட, அது டார்ச் வெளிச்சம் போல நேர்கோட்டில் போகும் குணம் பெறுகிறது. முகட்டுக்குப் பின்னால் இருள் விழுந்துவிடும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் அதிக தூரம் போகும், மேட்டுக்குப் பின்னாலும் ஓரளவு வளைந்து இறங்கும், சுவரையும் கொஞ்சம் துளைக்கும். 2300, 3300 மெகாஹெர்ட்ஸ் அலைகள் நிறைய டேட்டாவைச் சுமக்கும், ஆனால் ஒரு மேடு குறுக்கே வந்தால் போதும், நின்றுவிடும். இதனால்தான் சாலையோரம் நின்றால் நான்கு கோடு காட்டும் சிம், அதே ஊரில் இரண்டு வளைவு தாண்டிப் பள்ளத்தில் இருக்கும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், 'சேவை இல்லை' என்கிறது. தகரக் கூரையும் கல்சுவரும் கொண்ட லயத்து அடுக்களைக்குள் நுழைந்தால் வெளியே கிடைத்த ரேஞ்சிலும் பாதி போய்விடும். ஒரு டவர் மறைந்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதும் டவர்கள் நெருங்கி நிற்கும் நகரத்துக் கணக்கு. இங்கே ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு டவர் வாய்த்தாலே பெரிது. அது எந்த நிறுவனத்தின் டவர் என்பதே அந்தப் பள்ளத்தாக்கின் விதியைத் தீர்மானிக்கிறது. ரேஞ்ச் மெலிந்த இடத்தில் டவரை எட்டிப்பிடிக்கப் போன் தன் சக்தியை உயர்த்திக்கொண்டே இருக்கும். காலையில் நிறைய சார்ஜ் போட்ட பேட்டரி மதியத்துக்குள் இறங்கிவிடுகிறது என்ற புகார் மலையில் அதிகம் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதைப் போனின் கோளாறு என்று நினைத்து இன்னும் பெரிய பேட்டரி உள்ள போனுக்குக் காத்திருப்பவர்களுக்கு, சிம்மை மாற்றியிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

ரேஞ்ச் இல்லாததன் விலை என்ன என்பதை இந்த வட்டாரம் ஒரே வருடத்தில் இரண்டு முறை பார்த்துவிட்டது. 2020 ஜூன் 1-இல் கேரள அரசு 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் வீட்டிலிருந்தே படிக்கும் வகுப்புகளைத் தொடங்கியது. மலையாளவழிப் பாடங்கள் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் வந்தன. தமிழ்வழிப் பாடங்கள் பாலக்காட்டிலிருந்து யூடியூப் வழியாக வந்தன. அதாவது இடுக்கித் தோட்டங்களில் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு டிவி இருந்தும் போதவில்லை, இணையம் வேண்டியிருந்தது. ராஜமலைப் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் ரேஞ்ச் கிடைக்கும் சாலையோரம் தேடிப் போய், குளிரிலும் மழையிலும் குடை பிடித்துப் படித்தார்கள். போன் கையில் இருந்தது, இல்லாதது டவர். அதே வருடம் ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். தொடர்மழையில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்து கிடந்ததால் அந்தச் சேதி வெளியே வந்ததே மறுநாள் காலையில்தான். அந்த இரவில் யார் கையில் எந்த மாடல் இருந்தது என்பது ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. போனை ஆடம்பரமாகவோ பொழுதுபோக்காகவோ மட்டும் பார்த்தால் மாடலைப் பற்றி யோசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆபத்தில் ஒரு குரல் போய்ச் சேர வேண்டும் என்று பார்த்தால் சிம்தான் முதல் கேள்வி.

சரி, சிம்மை முடிவு செய்துவிட்டால் எந்தப் போனும் அதற்குப் பொருந்திவிடுமா என்றால், இல்லை. வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். பி.எஸ்.என்.எல். தன் 4ஜி சேவையை முழுக்க உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் கட்டியது. டி.சி.எஸ்., தேஜஸ், சி-டாட் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய அந்த அமைப்பைப் பிரதமர் 2025 செப்டம்பர் 27-இல் ஒடிசாவில் தொடங்கிவைத்தார். அதில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முக்கியமான ஒன்று; மலைக்கு அதுவே அதிகம் பயன்படும். அதற்கு 'பேண்ட் 28' என்று பெயர். இந்தியச் சந்தையில் விற்ற பல போன்களில், குறிப்பாக விலை குறைந்த மாடல்களில், 4ஜிக்கான பேண்ட் 28 கிடையாது. 5ஜி பட்டியலில் 28 என்ற எண் இருக்கும். ஜியோ தன் 5ஜிக்கு அதே 700-ஐப் பயன்படுத்துவதால் அதைச் சேர்த்திருப்பார்கள். அதைப் பார்த்து 4ஜிக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பட்டியலும் தனித்தனி. பி.எஸ்.என்.எல். டவர் மட்டுமே எட்டும் ஒரு பள்ளத்தில் குடியிருப்பவர் பேண்ட் 28 இல்லாத இருபத்தைந்தாயிரம் ரூபாய்ப் போனை வாங்கினால், அது உள்ள பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் போன் வைத்திருக்கும் பக்கத்து லயத்துக்காரரைவிடக் கீழான சேவையைத்தான் பெறுவார். ஜியோவுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. அதற்கு 2ஜியோ 3ஜியோ கிடையாது. பேச்சும் 4ஜி வழியாகத்தான் போகும். இப்படி 4ஜியில் பேசவைக்கும் வோல்டி வசதி அந்த நிறுவனத்தோடு ஒத்துப்போகாத போனில் இணையம் ஓடும், கால் போகாது. வளைகுடாவில் இருக்கும் உறவினர் கொண்டுவரும் போன்களில் இதை அவசியம் பார்க்க வேண்டும். கேரளத்தில் அது சாதாரணமாக நடப்பதுதானே. 2025-இல் வந்த ஐபோன் 17 ஐக்கிய அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமான், பஹ்ரைனில் சிம் அட்டை போடும் இடமே இல்லாமல், இ-சிம் மட்டும் ஏற்கும்படி விற்கப்படுகிறது. அப்படி ஒரு போன் வீட்டுக்கு வந்தால், அது பழுதாகும் நாளில் சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டுக்கொண்டு சமாளிக்கும் வழி அடைபட்டுவிடும். மூணாறு வரை போய்த்தான் சர்வீஸ் பார்க்க முடியும் என்கிற ஊரில் இது சின்ன விஷயமல்ல.

ஆகவே காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியது சோதனை. அக்கம்பக்கத்தில் யார் எந்த சிம் வைத்திருக்கிறார்கள், வீட்டுக்குள் உட்கார்ந்து பேச முடிகிறதா என்று கேட்பது முதல் படி. அது பாதிதான், லயத்தின் ஒரு முனையில் கிடைப்பது மறு முனையில் கிடைக்காமல் போகும். ஆகவே ஒரு பிரீபெய்டு சிம்மை வாங்கியோ, உறவினரின் போனை ஒரு நாள் இரவல் வாங்கியோ நம் வீட்டிலேயே பார்க்க வேண்டும். கோடுகளை நம்ப வேண்டாம், ஒவ்வொரு போனும் தன் விருப்பப்படி கோடு போடுகிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போய் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் அளவு டி.பி.எம். என்ற அலகில் மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 85-ஐ ஒட்டி இருந்தால் நல்ல ரேஞ்ச். மைனஸ் 110-க்கு இறங்கினால் பேச்சு தட்டுத்தடுமாறும். அதற்கும் கீழே போனால் போன் வைத்திருப்பதில் பொருளில்லை. இதை அடுக்களையில், படுக்கும் இடத்தில், கொழுந்து எடுக்கும் காட்டில், பிள்ளைகள் பஸ் ஏறும் இடத்தில் எல்லாம் பார்க்க வேண்டும். முக்கியமாகக் கரண்ட் போன பிறகு பார்க்க வேண்டும். டவருக்குப் பேட்டரி உண்டு. அது சில மணி நேரம் தாங்கும், பிறகு ஜெனரேட்டருக்கு யாராவது டீசல் ஊற்றினால்தான் உண்டு. கரண்ட் போய் ஒரு மணி நேரத்தில் எந்த சிம் செத்துப்போகிறது, இரவு முழுக்க எது நிற்கிறது என்பதை ஆடி மழையில் கவனித்து வைத்தவர், எந்த விளம்பரமும் சொல்லாத ஒன்றைத் தெரிந்துகொள்கிறார். மே மாதத்திலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் சுற்றுலாக் கூட்டம் மலையேறும்போது டேட்டா எப்படி ஊர்ந்து போகிறது என்பதையும் பார்ப்பது நல்லது. ஒரு டவரின் கொள்ளளவை ஊர்க்காரர்களும் விருந்தாளிகளும் அந்த நாட்களில் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, எல்லாப் போனிலும் இரண்டு சிம் போடும் வசதி இருக்கிறதே, இரண்டையும் போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்பது. உண்மையில் மலைக்கு இதுவே சிறந்த ஏற்பாடு, கைக்கு எட்டினால். ஆனால் 2024 ஜூலை தொடக்கத்தில் ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் கட்டணத்தைக் கணிசமாக ஏற்றிய பிறகு இரண்டு ரீசார்ஜ் என்பது தினக்கூலி வீட்டுக்கு இரண்டு சுமை. அந்த ஏற்றத்தின் சூட்டில்தான் லட்சக்கணக்கானோர் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறினார்கள். இரண்டாவது சிம்மைக் குரலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி செய்திருக்கிறது. முதியவர்களுக்கு அது போதும். வீட்டில் பைபர் இணைப்பு இருப்பவர்கள் வைஃபை வழியாகவே கால் பேசும் வசதியைப் பயன்படுத்தலாம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் அதைத் தொடங்கிவிட்டன. கரண்ட் போனால் அந்த வழியும் அடைபடும் என்பதை மறக்கக் கூடாது. ஆக, இரண்டு சிம் என்பது தேர்வு செய்யும் வேலையிலிருந்து விடுதலை தருவதில்லை. எந்த இரண்டு என்று தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே குன்றில் நிற்கும் இரண்டு டவர்களின் சிம்மை வாங்கினால் இரண்டும் ஒன்றாகவே மறையும்.

இன்னொரு மறுப்பு, காத்திருந்தால் 5ஜி எல்லா இடத்துக்கும் வந்துவிடும், விலையும் இறங்கும் என்பது. 5ஜியின் வேகத்தை அள்ளிக் கொடுக்கும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை மலைக்குப் பகை என்பதை மேலே பார்த்தோம். ஆகவே இங்கே பெட்டியில் அச்சிட்ட '5ஜி' என்ற எழுத்துக்காக ஆயிரக்கணக்கில் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது போன் விலை குறையும் என்று பலர் வாங்காமல் காத்திருந்தார்கள். டிவிக்கும் ஏசிக்கும் வரி குறைந்தது. போனுக்கு 2020 ஏப்ரலில் ஏறிய அதே 18 சதவீதம் அப்படியே நின்றது. விலைக்காகக் காத்திருப்பது நம் கையில் இல்லாத ஒன்றுக்காகக் காத்திருப்பது. சோதனைக்காகக் காத்திருந்தால் நாள் ஆக ஆகத் தகவல் சேர்கிறது.

முடிவெடுத்த பிறகு மாறும் வேலைக்கும் நாள் கணக்கு இருக்கிறது. நாடு முழுதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20-இல் வந்தது. 'போர்ட்' என்று எழுதி இடம்விட்டு நம் எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதன் ஆயுள் நான்கு நாள். கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்துக்குள்ளேயே மாறினால் மூன்று வேலை நாளில் முடியும். போடியிலோ தேனியிலோ வாங்கிய தமிழ்நாட்டு எண்ணைக் கேரள வட்டத்துக்கு மாற்றுவதென்றால் ஐந்து வேலை நாள். ஒரு நிறுவனத்தில் 90 நாள் இருந்தால்தான் அடுத்ததுக்குப் போக முடியும் என்பதால், சோதிக்காமல் மாறி மாட்டிக்கொண்டால் மூன்று மாதம் தவிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இன்னொரு விதியும் உண்டு. தொலைந்த சிம்முக்கோ வேலை செய்யாத சிம்முக்கோ மாற்று வாங்கினால் அதன்பிறகு ஏழு நாளுக்குப் போர்ட் செய்ய முடியாது. மோசடிக்காரர்கள் நம் எண்ணைக் கவர்ந்து வங்கிக் கணக்கைத் துடைப்பதைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆனால் புதுப் போன் கைக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதில் இடறுவார்கள். போன் வருவதற்கு முன்பே, பழைய போனிலேயே போர்ட் செய்து முடித்துவிடுவது நிம்மதி.

கடைசியாக ஒரு மறுப்பு. எனக்கு இதுவே மிகவும் நியாயமாகப் படுகிறது. டவர் வைப்பது நிறுவனங்களின் கடமை, அதைப் பார்ப்பது அரசின் கடமை, அந்தச் சுமையை ஏன் கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலையில் வைக்கிறீர்கள் என்பது. கேள்வி சரிதான். 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுசெல்ல 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்ததே, இது பொதுப்பணியாகச் செய்ய வேண்டிய வேலை என்பதை ஒத்துக்கொண்டதுதான். அரசு நிதியில் எழுந்த டவரில் பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ என்று எந்த சிம்மும் வேலை செய்யும் ஏற்பாட்டை 2025 ஜனவரியில் தொடங்கியதும் அந்த வழியில் நல்ல அடி. மலையில் எல்லா டவருக்கும் அதை விரிவாக்க வேண்டும் என்று பஞ்சாயத்துகளும் தொழிற்சங்கங்களும் கேட்க வேண்டும். கூலி, போனஸ் பேச்சுவார்த்தையில் ரேஞ்சுக்கும் ஒரு இடம் வேண்டும். தேயிலைக் கம்பெனி நிலமும் வனத்துறை நிலமும் சூழ்ந்த இடத்தில் தனி ஆள் கேட்டு டவர் வராது. ஆனால் கேட்பதற்குக் கையில் ஆதாரம் வேண்டுமே. டிராயின் 2024-ஆம் ஆண்டுச் சேவைத் தர விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் எங்கெங்கே 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்ற வரைபடத்தைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால், இயற்கைப் பேரிடர் நீங்கலாக, பிரீபெய்டுக்காரருக்கு வேலிடிட்டி நீட்டித்துத் தர வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. அந்த வரைபடத்தில் சித்திரபுரம் பச்சையாக இருந்து, நம் லயத்தில் மைனஸ் 115 காட்டினால், அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 198-க்குப் புகார் செய்து அதன் பதிவு எண்ணை வாங்க வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்கு அந்த எண்ணோடு போகலாம். ஒரு லயத்திலிருந்து பத்துப் பதிவு எண்கள் சேர்ந்தால், அதைக் கொண்டுபோய் வைக்கப் பஞ்சாயத்து உறுப்பினருக்கும் ஒரு காகிதம் கிடைக்கும்.